சீனி நுழையும் வாசல்: மலையகச் சிறார்களின் பற்சூத்தையும் ஒரு நுண்ணுயிரின் உணவு வழியும்

பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலைக்குத் தம் பிள்ளைகளை அழைத்து வருவோர் கண்டி நகரவாசிகள் மாத்திரமல்லர். கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, மடுல்கலை ஆகிய தோட்டப் பகுதிகளிலிருந்தும், அக்குறணை, கல்ஹின்னை, கம்பளை போன்ற ஊர்களிலிருந்தும் அதிகாலையிலேயே பஸ் ஏறி வருபவர்கள் அநேகர். ஒரு நாள் கூலியை இழந்து, வீங்கிய கன்னத்துடன் அழும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கும் தாயிடம் இனிப்பு அதிகம் கொடுப்பதுண்டா என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றே: "இனிப்பு எங்கே வாங்குகிறோம்? தேத்தண்ணிக்குப் போடும் சீனிதான்!" அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளையின் முன்பற்கள் கறுத்துக் கரைந்திருப்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளும் ஒருசேர இருப்பது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய வாய்ச் சுகாதார ஆய்வுகள், ஐந்து வயதை எட்டும் சிறார்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பற்சூத்தைக்கு ஆளாகியிருப்பதைத் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. பாற்பல் தானே, விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று நம்மவர் இதனை இலேசாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் பல்வலி உள்ள பிள்ளை உண்பதில்லை, உறங்குவதில்லை, பாடசாலைக்கும் ஒழுங்காகச் செல்வதில்லை. பாற்பல் காலத்துக்கு முன்பே பிடுங்கப்பட்டால், பின்னர் வரும் நிலையான பற்களும் வரிசை தவறி முளைக்கக்கூடும்.

பல்லைத் துளைப்பது புழு என்றே நம் முன்னோர் கருதினர். "பற்புழு எடுக்கிறோம்" என்று வீடு வீடாக வந்தவர்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புழு என்று எதுவுமில்லை. ஆனால் உயிருள்ள ஒன்றுதான் பல்லைக் கெடுக்கிறது என்ற அளவில் அந்த நம்பிக்கை முற்றிலும் பிழையன்று. இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் 1924 ஆம் ஆண்டில் சூத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்ட பக்டீரியாவே இதில் முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்படுகின்றது. வேறு சில இனங்களும் இதற்குத் துணை போகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த உயிரி சீனியை எவ்வாறு தன்னுள் எடுத்துக்கொள்கிறது என்பதை அறிந்தால், அந்தத் தாயின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு பக்டீரியாவின் உடல் ஒரேயொரு கலம். அக்கலத்தைச் சுற்றியிருப்பது கலமென்சவ்வு. அது அடிப்படையில் ஒரு கொழுப்புப் படலமாகும். கறியின் மேல் மிதக்கும் எண்ணெய் தண்ணீருடன் கலவாதது போலவே, நீரில் கரையும் இயல்புள்ள சீனியும் அக்கொழுப்புப் படலத்தைத் தானாகக் கடக்க இயலாது. வெளியே சீனி எவ்வளவு இருந்தாலும் வாசல் ஒன்று இல்லாவிட்டால் பக்டீரியா பட்டினியால் மடியவேண்டியதுதான்.

அந்த வாசல் புரதத்தால் ஆனது. சீனி கலத்தினுள் சும்மா கசிந்து செல்கிறது என்று எண்ணப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜாக் மொனோவும் அவரது சகாக்களும் 1956 இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பாலிலுள்ள சீனியான இலக்டோசையும் அதனையொத்த பொருட்களையும் ஈ. கோலி என்னும் பக்டீரியா தன்னுள் திரட்டிச் சேர்ப்பதற்கென்றே தனியானதொரு புரதம் இருத்தல் வேண்டும் என அவர்கள் காட்டினர். அதற்குப் பெர்மியேஸ் என்று பெயரும் சூட்டினர். ஒவ்வொரு வகைச் சீனிக்கும் ஏற்ற வாசல்கள் மென்சவ்வில் பதிந்திருக்கின்றன என்பதும், அவ்வாசல்கள் திறந்து கிடக்கும் துவாரங்களல்ல, உரிய சீனியைப் பற்றிக்கொண்டு வடிவம் மாறி அதனை உட்புறம் விடுவிக்கும் இயந்திரங்கள் என்பதும் பின்னைய ஆய்வுகளால் தெளிவாகின.

இவற்றுள் நம் விடயத்துக்கு வேண்டியது ஒரு விசேட வாசல். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் குண்டிக், இந்தியரான சுதாமய் கோஷ், சோல் ரோஸ்மன் ஆகிய மூவரும் 1964 இல் இதனை வெளிப்படுத்தினர். பொஸ்போ மாற்றீட்டுத் தொகுதி என்று இதனைத் தமிழில் கூறலாம். பெயர் கரடுமுரடானது, வேலையோ எளிதில் விளங்கக்கூடியது.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கப்பட்டுப் பதியப்பட்ட கணத்திலேயே அது தோட்டத்தின் உடைமையாகிவிடுகின்றது, கூடைக்குத் திரும்புவதில்லை. அதைப் போலவே, இந்த வாசலின் வழியாக நுழையும் ஒவ்வொரு சீனி மூலக்கூறின் மீதும் நுழையும்போதே பொஸ்பேற்று என்னும் முத்திரை குத்தப்படுகின்றது. முத்திரை விழுந்த சீனி மின்னேற்றம் பெற்றுவிடுவதால் கொழுப்புப் படலத்தைக் கடந்து வெளியேறுதல் இயலாது. வந்த வாசலும் அதனை வெளியே விடாது. அதுமட்டுமன்றி, கலம் எரிபொருளாகப் பயன்படுத்துவதற்கு முன்னர் சீனிக்கு எப்படியும் இந்த முத்திரையைக் குத்தியே ஆகவேண்டும். ஏற்றுகூலியிலேயே முதற்கட்ட வேலையும் முடிந்துவிடுகிறதென்றால் இதைவிடச் சிக்கனம் வேறேது?

முத்திரைக்கான பொஸ்பேற்று எங்கிருந்து வருகின்றது என்பதுதான் இன்னும் சுவையானது. கோயில் திருவிழாவில் இளைஞர்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றிக் கொடுப்பது போல, பல புரதங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொஸ்பேற்றைக் கைமாற்றுகின்றன. வரிசையின் கடைசியில் நிற்பது மென்சவ்வில் பதிந்திருக்கும் வாசற் புரதம். வரிசையின் தொடக்கத்தில் பொஸ்பேற்றை வழங்குவது பொஸ்போ ஈனோல் பைருவேற் என்னும் பொருள். இதுவோ சீனி சிதைவடையும்போது ஏறக்குறைய இறுதிக் கட்டத்தில் உண்டாவது. ஆக, முன்பு உள்ளே போன சீனியின் சிதைவில் பிறந்த பொருளே அடுத்துவரும் சீனியை உள்ளிழுக்கும் கூலியாகின்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு சிதையும்போது இப்பொருளில் இரண்டு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. ஒன்றை அடுத்த சீனிக்குச் செலவிட்டாலும் மற்றொன்று மிஞ்சுகின்றது.

இதன் உறவினமான, பாலைப் புளிக்கச் செய்யும் ஒரு பக்டீரியாவில் விஞ்ஞானிகள் கண்ட உண்மையொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. சீனி தீர்ந்து பட்டினி கிடக்கும்போதும் அக்கலம் இந்தக் கூலிப் பொருளை முற்றாகச் செலவழித்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. சீனி கிடைத்த அடுத்த கணமே அதைச் செலவிட்டு இழுத்துக்கொள்கிறது. மண் சட்டியில் தயிரைப் புளிக்க வைக்கும் அதே இலத்திக்கமிலம்தான் நம் பல்லையும் அரிக்கின்றது என்பதை அறியும்போது, ஒரே இயல்பு ஓரிடத்தில் விருந்தாகவும் மற்றோரிடத்தில் வேதனையாகவும் அமைவது வியப்பளிக்கின்றது.

மியூட்டன்ஸ் பக்டீரியாவின் மரபணுத் தொகுதி 2002 இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் மரபணுக்களே உள்ள இச்சிற்றுயிரிடம், மேலே சொன்ன முத்திரை வாசல் வகையில் மாத்திரம் பதினான்கு தொகுதிகள் காணப்பட்டன. சுக்குரோசு, குளுக்கோசு, பிரக்டோசு, இலக்டோசு என எந்தச் சீனி வந்தாலும் அதற்கொரு வாசல் தயார். சுக்குரோசு என்பது நாம் தேநீரில் போடும் சாதாரண சீனியேயாகும். கித்துள் கருப்பட்டியிலும் பனங்கட்டியிலும் பெரும்பங்கு இதுவே. வெள்ளைச் சீனியைக் கைவிட்டுக் கருப்பட்டி கடிக்கிறோம் என்று பெருமைப்படுவோர் தம் வாயிலுள்ள பக்டீரியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதை உணரவேண்டும்.

உள்ளே சென்ற சீனியை இவ்வுயிரி இலத்திக்கமிலமாக மாற்றி வெளியே தள்ளுகிறது. எஞ்சிய சீனியைப் பிற்பாட்டுக்கென மாப்பொருள் போன்றதொரு வடிவில் சேமித்தும் வைக்கிறது. வெளியே கிடக்கும் சுக்குரோசைக் கொண்டு பிசின் போன்ற பொருளை உண்டாக்கிப் பல்லில் இறுக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் அமிலம் செறிகிறது. பல்லின் மேற்பூச்சான மிளிரி, அதாவது எனாமல், வாயின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கும்போது தன் கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் இழக்கத் தொடங்குகின்றது.

சீனி வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே பி.எச். சரிந்துவிடுவதையும், உமிழ்நீர் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்வதையும் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீஃபன் 1940 களில் அளந்து காட்டினார். இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்கு விடை இருக்கின்றது. பக்டீரியாவின் வாசல் மிகக் குறைந்த அளவுச் சீனியையும் பற்றிக்கொள்ள வல்லது. ஆகவே ஒரு கரண்டி சீனிக்கும் மூன்று கரண்டி சீனிக்கும் இடையே பல்லுக்கு நேரும் வேறுபாடு நாம் நினைக்குமளவு பெரிதன்று. ஒரு நாளில் எத்தனை தடவைகள் சீனி வாய்க்குள் போகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. விழித்தவுடன் இனிப்புத் தேநீர், பாடசாலை செல்லும் வழியில் பிஸ்கட், இடைவேளையில் ஏதேனும் இனிப்பு, வீடு திரும்புகையில் டொபி, மாலையில் மீண்டும் தேநீர், படுக்கும்போது சீனி கரைத்த பால் என ஆறு தடவைகள் உண்ணும் பிள்ளையின் பல், மூன்று முதல் ஆறு மணித்தியாலம் வரை அமிலத்தில் ஊறுகின்றது. இத்தனைக்கும் அப்பிள்ளை உட்கொண்ட சீனி மொத்தத்தில் அதிகமாகத் தோன்றாது.

இதனை உறுதிப்படுத்திய மனித ஆய்வு ஒன்றுண்டு. அதைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சங்கடமே ஏற்படுகின்றது. சுவீடனின் விப்பெஹோல்ம் மனநல வைத்தியசாலையில் 1940 களின் நடுப்பகுதியிலிருந்து, தம் சம்மதத்தைத் தெரிவிக்க இயலாத நோயாளருக்கு வெவ்வேறு முறைகளில் சீனி கொடுக்கப்பட்டது. உணவு வேளையில் பெருமளவு சீனி பெற்றவர்களில் சூத்தை சற்றே கூடியது. வேளைகளுக்கிடையே பல்லில் ஒட்டும் டொபியைப் பலமுறை பெற்றவர்களிலோ அது மிக வேகமாகப் பரவியது. முடிவுகள் 1954 இல் வெளியாகின. அநாதரவானவர்களின் பற்களைப் பலியிட்டுப் பெற்ற அறிவு இது என்பதால் அவ்வாய்வு இன்று வன்மையாகக் கண்டிக்கப்படுகின்றது. சுவீடன் மக்கள் தம் பிள்ளைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மாத்திரம் இனிப்புக் கொடுக்கும் வழக்கம் அந்த அறிவிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம். இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை 1867 இல் ஆரம்பமானது கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்திலாகும். அன்று முதல் கொழுந்து பறிக்கும் கைகளுக்குத் தெம்பூட்டியது இனிப்பான வெறுந் தேநீர். தாய் மலைக்குச் சென்றபின் பிள்ளைக் காம்பராவிலும் லயத்திலும் குழந்தையின் அழுகையை அடக்கியதும் அதுவே. பால் வாங்க வழியில்லாத குடும்பத்தில் போத்தலில் நிரப்பப்பட்ட தேநீரை உறங்கும் குழந்தையின் வாயில் வைத்துவிடுவதை அலட்சியம் என்று கூறிவிட நமக்கு மனமில்லை. அது கூலி போதாமையின் விளைவு. எனினும் உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைவதால், இரவு முழுதும் வாயில் தேங்கும் சீனியே பல்லுக்கு மிகக் கொடியது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்க்கும் இயல்புடையது. நாம் அருந்தும் தேநீரில் அது ஓரளவு இறங்குகின்றது. புளோரைட் முதன்மையாகச் செய்வது, கரைந்த மிளிரி மீண்டும் படிவதற்கு உதவுதலாகும். அதற்கு மேலும் ஒரு வேலையை அது பக்டீரியாவின் உள்ளேயே செய்கிறது. வாயில் அமிலம் கூடும்போது புளோரைட் ஐதரசனுடன் சேர்ந்து மென்சவ்வை எளிதாகக் கடந்து கலத்தினுள் புகுந்துவிடுகின்றது. தான் உமிழ்ந்த அமிலத்தாலேயே பக்டீரியா தன் எதிரியை உள்ளே அழைத்துக்கொள்கிறது எனலாம். உள்ளே சென்றதும் அது ஈனோலேஸ் என்னும் நொதியத்தின் வேலையைத் தடுக்கிறது. பொஸ்போ ஈனோல் பைருவேற்றை உண்டாக்குவது அந்த நொதியமே. கூலிப் பொருள் குறைந்தால் முத்திரை குத்துவதெப்படி? வாசலின் வேகம் தளர்ந்துவிடுகின்றது. வெறுந் தேநீர் இயல்பாகவே பல்லுக்கு ஓரளவு காவல். அதில் சீனியைக் கரைக்கும் நாமே அந்தக் காவலைக் கெடுத்துவிடுகிறோம்.

குடிநீரிலுள்ள புளோரைட்டும் நாடெங்கும் ஒரே அளவில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் பேராசிரியராக விளங்கிய சீ.பீ. திசாநாயக்க போன்றோரின் ஆய்வுகள் இதனை விரிவாக எடுத்துக்காட்டின. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற வரண்ட வலயப் பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைட் மிகுந்து, சிறார்களின் பற்களில் மாறாத கறையை உண்டாக்குகிறது. மழை மிகுந்த மத்திய மலைநாட்டிலோ அது பெரும்பாலும் குறைவு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள உச்ச வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் ஆகும். மலைநாட்டு நீர் பொதுவாக அந்த எல்லையை எட்டுவதில்லை. ஆகவே கண்டிப் பிரதேசப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தராத பாதுகாப்பைப் பற்பசைதான் தரவேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசிமணி அளவும், அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்குப் பட்டாணிக் கடலை அளவும் புளோரைட் பற்பசை போதுமானது. இரவு படுக்கைக்கு முன் துலக்குவதே இன்றியமையாதது. காலையில் மட்டும் துலக்கும் நம்மவரின் வழக்கம், இரவு முழுதும் வாசலைக் காவலின்றி விட்டுவிடுகின்றது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு துலக்கிய முன்னோர் சீனியை இத்தனை தடவைகள் உண்டவர்களல்லர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

நோன்பு காலத்தை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். பகல் முழுதும் வாய்க்குள் சீனி செல்லாதிருப்பதால் அமிலத் தாக்குதலுக்கும் ஓய்வு கிடைக்கின்றது. ஆனால் இப்தார் முதல் உறங்கும் வரை சர்பத்தும் இனிப்புத் தேநீரும் சிற்றுண்டியுமாக இடைவிடாது தொடர்ந்தால் அந்த ஓய்வின் பயன் குறைந்துவிடும். பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் சர்பத்தையும் ஒரே வேளையாக முடித்துக்கொண்டு, ஸஹர் உணவின் பின் இனிப்புத் தேநீர் அருந்திய வாயைத் துலக்கிவிட்டே நோன்பைத் தொடங்குதல் நன்று. பகலில் மிஸ்வாக் குச்சியைப் பயன்படுத்துவது இஸ்லாமியரிடையே வேரூன்றிய வழக்கம். பல்லின் மேல் ஒட்டிய படலத்தை உரசி நீக்குவதில் அதற்குப் பயனுண்டு. பெருநாள் வட்டிலப்பத்தையும் தீபாவளிப் பலகாரத்தையும் பற்றி யாரும் அஞ்சவேண்டியதில்லை. உணவோடு ஒருமுறை உண்ணும் வட்டிலப்பத்தை விட, பாடசாலைப் பையில் கிடந்து பகலெல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்குள் போகும் டொபிகளே ஆபத்தானவை.

அரசின் நடவடிக்கைகளையும் இந்தக் கண்கொண்டு நோக்கவேண்டும். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் விதி 2016 இல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. சீனியின் அளவுக்கேற்ப மென்பானங்கள் மீது வரி விதிக்கும் முறை 2017 நவம்பரில் வந்தது. நீரிழிவையும் உடற்பருமனையும் கருதினால் இவை வரவேற்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் அளப்பது அளவை. செம்மஞ்சள் நிறப் போத்தலொன்றை மாலை முழுதும் சிறிது சிறிதாகப் பருகும் பிள்ளையின் பல், சிவப்பு நிறப் போத்தலை உணவோடு ஒரே மூச்சில் முடித்த பிள்ளையின் பல்லை விட அதிகம் கரையக்கூடும். அதை எந்த நிறமும் சொல்வதில்லை.

அதைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இருக்கின்றனர்; ஆனால் தோட்டப்புறத்துச் சிறிய பாடசாலைகளின் பிள்ளைகள் அவர்களிடம் செல்வதற்குப் பெரும்பாலும் தொலைதூரம் பயணிக்கவேண்டியுள்ளது. குழந்தை பிறந்த நாள் முதல் வீட்டுக்கே வந்து நிறையும் உயரமும் பார்த்துப் பதியும் குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார். முதற்பல் முளைக்கும் ஆறாம் ஏழாம் மாதத்தில், அதாவது சூத்தை தொடங்குவதற்கு முன்னரே, தாயைச் சந்திப்பவர் அவர் ஒருவர்தான். குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை தடவைகள் இனிப்புச் சேர்ந்த ஏதேனும் கொடுக்கப்படுகிறது, இரவில் போத்தல் உண்டா என்னும் இரு கேள்விகளை அவர் தாய்மொழியில் கேட்டு, நிறையைக் குறிப்பது போலவே விடையையும் குறித்துக்கொள்வதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு உதவியோ தேவைப்படாது. மத்திய மாகாண சுகாதார அதிகாரிகள் முதலில் தெல்தோட்டை, கலஹா போன்றதொரு தோட்டப் பிரிவில் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம்.